அணிபடைக்கலங்களும் அவற்றைத் திரட்டிய வரலாறும்

முன்னுரை

போர்க்களத்தில் வெட்டுதற்கும் எறிதற்கும் அன்றி, கோலத்திற்கும் சடங்கிற்கும் உரியவாகச் செய்யப்பெற்ற படைக்கலங்கள் எல்லா நாடுகளிலும் உள. அரசன் கொலுவில் ஏந்தும் வாளும், மணவினையில் கைமாறும் எறிபடையும், கோயிலில் நீராட்டப்பெறும் சூலமும் இவ்வகையின. இவற்றை இக்கட்டுரையில் ‘அணிபடைக்கலம்’ என்னும் ஒரு சொல்லால் குறிப்போம். தொலைநாட்டு அணிபடைக்கலங்களை விலைக்குப் பெற்றும், பரிசிலாக ஏற்றும், போரில் கைப்பற்றியும் திரட்டி வைக்கும் வழக்கம் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பெருகிற்று. அதன் விளைவாகத் தென்னாட்டு வாள்களும் கட்டாரிகளும் இன்று வேல்சு நாட்டுக் கோட்டையொன்றிலும், நியூயார்க்கு நகரத்து அருங்காட்சியகத்திலும், சென்னை எழும்பூரிலும் கண்ணாடிப் பேழைகளுள் கிடக்கின்றன.

இத்திரட்டுகளால் விளைந்த நன்மை மறுக்கத்தக்கது அன்று. அவை இல்லையாயின் அப்பொருள்களுட் பல உருக்குலையில் கரைந்திருக்கும். ஆயினும் ஒரு வினா எழுகின்றது. திரட்டியோர் எதனைக் காத்தனர்? எது அவர் கையினின்று நழுவிற்று? ஓர் அணிபடைக்கலத்தைச் சிறப்புடையதாக்குவன மூன்று: அதன் பெயர், அதனைச் செய்த கையும் ஏந்திய கையும், அது வெளிப்படும் நாள். பேழையுள் இருப்பது இரும்பும் பொன்னும் தந்தமும் மட்டுமே. ஏனைய மூன்றும் அங்கே இல்லை. அவற்றைத் தேடித் தொகுத்தல் வரலாற்றாசிரியர் கடனாதலினும் தமிழாய்வாளர் கடனாதல் மிகுதி என்பதே நம் கருத்து. அதனைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்துச் சான்றுகளை முதன்மையாகக் கொண்டு ஈண்டு விளக்குவோம்.

படை, கருவி, மங்கலம்

தமிழில் ‘படை’ என்னும் சொல் சேனைக்கும் ஆயுதத்திற்கும் பொதுவாக வழங்குகின்றது. ‘கருவி’ என்பதோ இன்னும் விரிந்த பொருளுடையது. தச்சனது உளியும், பாணனது யாழும், மறவனது வாளும் கருவியே. ஆயுதபூசை நாளில் அரிவாளும் தராசும் எழுதுகோலும் ஒரே பீடத்தில் சந்தனமும் குங்குமமும் பெறுவதன் அடிப்படை இச்சொல்வழக்கிலேயே அமைந்துள்ளது. செய்தொழில் எதுவாயினும் அதற்குரிய கருவி வழிபாட்டிற்குரியது என்பது தமிழர் கொள்கை.

தொல்காப்பியப் புறத்திணையியல் படைக்கலத்தைச் சடங்கோடு இணைத்துத் துறை வகுக்கின்றது. உழிஞைத் திணையில் குடையும் வாளும் நாட்கொள்ளுதல் பேசப்படுகின்றது. நல்ல நாளிலும் ஓரையிலும் அரசன் தானே புறப்பட இயலாதவழி, அவனுக்கு மாறாக அவன் குடையும் வாளும் முன்னே புறப்படும் என்று உரையாசிரியர் விளக்குவர். பாடாண் திணையில் வாள்மங்கலம் ஒரு துறையாகின்றது. புறப்பொருள் வெண்பாமாலையும் அதனைப் பாடாண் படலத்துள் வைத்து ஓதுகின்றது. சிலப்பதிகாரத்துக் கால்கோட் காதையில், சேரன் செங்குட்டுவன் வடநாட்டின் மேற் செல்லுமுன் அவனுடைய வாளும் குடையும் வடதிசை நோக்கிப் பெயர்க்கப்படுகின்றன. அதே நூல் புகார் நகரத்துக் கோட்டங்களைக் கூறுமிடத்து வேற்கோட்டத்தையும் வச்சிரக் கோட்டத்தையும் எண்ணுகின்றது. படைக்கலத்திற்கெனத் தனிக் கோயில் எடுத்த நகரம் ஒன்றனை நம் இலக்கியம் காட்டுகின்றது என்பது கருதற்பாலது.

இச்சான்றுகள் அனைத்தினும் படைக்கலம் தனித்து நிற்கவில்லை. அது ஒருவனுக்கு மாறாக நிற்கின்றது. ஒரு நாளில் நிற்கின்றது. ஒரு பெயரோடு நிற்கின்றது.

புறநானூற்று 95ஆம் பாட்டு

படைக்கலத்தைக் காட்சிப் பொருளாக வைத்தலைப் பற்றித் தமிழில் எழுந்த பழைய குறிப்பு ஔவையாருடையது. அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற அவருக்கு, அம்மன்னன் தன் படைக்கொட்டிலைத் திறந்து காட்டினான். ஆங்குக் கண்ட படைகள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருந்தன எனவும், தம் தலைவன் படைகளோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன எனவும் அவர் பாடினார். புகழ்வது போலப் பழித்தலும், பழிப்பது போலப் புகழ்தலும் இப்பாட்டில் அமைந்த நயம் என்பதை யாவரும் அறிவர்.

நம் பொருளுக்கு இயைந்த வேறொரு செய்தியும் இதன்கண் உண்டு. பீலியும் மாலையும் நெய்யும் வெற்று அலங்காரம் என்று சங்கச் சான்றோர் கருதினாரல்லர். நடுகல்லுக்கும் பீலி சூட்டினர். அதியமான் இறந்தபின் அவன் நடுகல்லுக்குப் பீலி சூட்டியதை இதே ஔவையார் பாடுகின்றார். போருக்குப் புறப்படும் வாளுக்கும் மாலை உண்டு. எனவே அணி ஒன்றே; அது சூட்டப்பெறும் நாள் வேறு. போருக்கு முன் சூட்டிய மாலை மறத்தைக் காட்டும். போரே காணாத படைக்குச் சூட்டிய மாலை சோம்பலைக் காட்டும். ஔவையாரின் அங்கதம் இவ்வேறுபாட்டை அறிந்தார்க்கே புலனாகும். படையை மட்டும் கண்டு நாளை அறியாத ஒருவர்க்குத் தொண்டைமான் கொட்டில் சிறந்த திரட்டாகவே தோன்றியிருக்கும். பிற்காலத்து அருங்காட்சியகங்களில் நாம் நிற்கும் நிலையும் இதுவே.

பரங்கி அலகும் தென்னாட்டுப் பிடியும்

தொலைநாட்டுப் படைகளைத் திரட்டியவர் ஐரோப்பியர் மட்டுமல்லர். பதினாறாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பிய வாளலகுகள் மேலைக் கடற்கரை வழியாகவும் கீழைக் கடற்கரை வழியாகவும் இந்நாட்டிற்கு வந்தன. சிதம்பரத்திற்கு அணித்தாய் வெள்ளாற்று முகத்தில் உள்ள துறைமுகத்திற்குப் போர்த்துகீசியர் ‘புதிய துறை’ என்னும் பொருள்படப் போர்ட்டோ நோவோ எனப் பெயரிட்டனர். தமிழர் அதனைப் பரங்கிப்பேட்டை என்றனர். ஐரோப்பிய அலகு பூட்டிய வாளை மராட்டியர் ‘பிரங்கி’ என வழங்கினர். ‘பீரங்கி’ என்னும் நம் சொல்லும் இவ்வடியினின்றே தோன்றியதெனக் கருதுவர். ஊரும் வாளும் பெருந்துப்பாக்கியும் ஒரே சொல்லின் கிளைகளாயின.

இவ்வலகுகளைத் தென்னாட்டு அரண்மனைகள் வாங்கி வைத்த முறை நோக்கத்தக்கது. தஞ்சைப் படைக்கொட்டிலைச் சார்ந்த கட்டாரிகள் பலவற்றில் அலகு ஐரோப்பாவிலும் பிடி தமிழகத்திலும் செய்யப்பெற்றவை. கட்டாரியின் பிடி ஏனைய குத்துவாள்களின் பிடியினின்று வேறுபட்டது. இணையாக நீளும் இரு கம்பிகளுக்கிடையே குறுக்குக் கம்பிகள் அமையும். முட்டி அக்குறுக்குக் கம்பிகளைப் பற்ற, அலகு முன்கையின் நேர்த்தொடர்ச்சியாக நீண்டு நிற்கும். புறங்கையைக் காக்கும் இலை வடிவான தகடு தென்னாட்டுக் கட்டாரிக்குச் சிறப்பாக உரியது. அத்தகட்டிலும் கம்பிகளிலும் யாளியும் தாமரையும் பறவையும் கொத்தப்பெற்றன. கோயில் தூணில் நிற்கும் யாளி இங்கே முட்டிக்குக் காவலாகின்றது. அயல்நாட்டு நெடுவாளின் அலகை வெட்டிக் குறுக்கி இப்பிடியோடு தறைந்து பூட்டும்போது அது அயற்பொருள் என்னும் நிலையினின்று நீங்கி, அரண்மனைச் சடங்கிற்கு உரிய கட்டாரியாகி விடுகின்றது.

இதனை ஒருவகைத் திரட்டு எனலாம். ஆனால் இங்கே பொருள் பெயரிழக்கவில்லை. புதுப்பெயர், புதுக்கை, புதுநாள் மூன்றும் அதற்கு வழங்கப்பட்டன. நாயக்கர் காலத்தில் தொடங்கி, 1676 முதல் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் காலத்திலும் இப்படைகள் பேணப்பட்டன. அரண்மனை வளாகத்தில் உயர்ந்து நிற்கும் கூடகோபுரம் 1855 வரை படைக்கல வைப்பிடமாகவும் விளங்கிற்று என்பர்.

கொண்டுவந்த பொருளின் வரலாற்றை மறைக்காமல் பொறித்த மரபும் தமிழகத்தில் இருந்தது. முதலாம் இராசாதிராசன் சாளுக்கியரின் கலியாணபுரத்தை வென்று அங்கிருந்து கொணர்ந்த வாயிற்காவலர் சிலை, நெடுநாள் தாராசுரத்தில் இருந்து, இன்று தஞ்சைக் கலைக்கூடத்தில் உள்ளது. எந்நகரத்தை வென்று யார் கொணர்ந்தார் என்பதை அச்சிலையின் பீடத்திலேயே எழுத்தாக வெட்டி வைத்தனர். அது படைக்கலம் அன்றாயினும், திரட்டிய பொருள் தன் வரலாற்றைத் தானே சுமக்க வேண்டும் என்னும் நெறிக்கு அது நல்ல எடுத்துக்காட்டாகும்.

தேவனாம்பட்டினத்துக் குண்டு

கடலூர்க் கரைக்கு வருவோம். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி 1690ஆம் ஆண்டில் செஞ்சியிலிருந்த மராட்டிய மன்னர் இராசாராமிடமிருந்து விலைக்கு வாங்கிற்று. அப்போது சென்னையில் தலைவராக இருந்தவர் எலிகு யேல். கோட்டையோடு சேரும் நிலத்தின் எல்லையை அளக்கக் கயிறோ கோலோ பயன்படவில்லை. கோட்டையினின்று பீரங்கியைச் சுற்றிலும் சுட்டு, குண்டு விழுந்த இடம் வரை உள்ள ஊர்கள் கும்பினிக்கு உரியவை எனக் கொண்டனர். அவ்வூர்கள் பின்னரும் ‘குண்டு கிராமங்கள்’ எனவே வழங்கப்பட்டன. கொல்லும் படைக்கலம் ஒன்று நிலம் கைமாறும் சடங்கிற்குரிய அளவுகோலாக மாறியதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அக்கோட்டை புனித தாவீது கோட்டை எனப் பெயர் பெற்றது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது கும்பினியின் சோழமண்டலக் கரைத் தலைமையிடம் இங்கு மாறி, 1752 வரை இங்கே இருந்தது. சென்னையினின்று தப்பி இக்கோட்டையை அடைந்தோருள் இராபர்ட் கிளைவும் ஒருவர். எழுத்தராக வந்த அவர் படைப்பணியில் புகுந்தது இக்காலத்திலேயே. 1756இல் அவர் இக்கோட்டையின் தலைவராக மீண்டும் வந்தார். சில திங்களில் வங்காளம் சென்றார். 1758இல் லாலியின் தலைமையில் பிரெஞ்சுப் படை கோட்டையைப் பிடித்து இடித்தது. இன்று எஞ்சியிருப்பன சில சிதைவுகளே.

கிளைவ் குடும்பத்தார் இந்தியாவிலிருந்து கொண்டு சென்ற பொருள்கள் இன்று வேல்சு நாட்டுப் போவிசுக் கோட்டையில் உள. இராபர்ட் கிளைவ் 1774இல் இறந்தார். அவர் மகன் எட்வர்டு கிளைவ் 1784இல் போவிசுக் குடும்பத்து என்றியெட்டா எர்பர்ட்டை மணந்ததன் வழியாக இப்பொருள்கள் அக்கோட்டையைச் சேர்ந்தன. எட்வர்டு 1798 முதல் 1803 வரை சென்னை ஆளுநராக இருந்தார். 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் திப்பு சுல்தானின் பொருள்கள் பல திசைகளிலும் சிதறியபோது, அவர் அரியணையின் பொன் புலித்தலைகளுள் ஒன்றும், அவருடைய கூடாரமும், படைக்கலங்களும் இக்குடும்பத்தார் கைக்கு வந்தன. என்றியெட்டா 1800இல் மைசூர் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் நெடும்பயணம் செய்து கற்களும் செடிகளும் அரும்பொருள்களும் சேர்த்தார். போவிசுக் கோட்டை 1952இல் தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் வந்தது. 1987இல் அங்கே கிளைவ் காட்சிக்கூடம் அமைந்தது. 300க்கு மேற்பட்ட பொருள்கள் அதன்கண் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கடலூரையும் போவிசையும் ஒப்பு நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கடலூரில் பீரங்கியும் இல்லை, கோட்டையும் இல்லை, ‘குண்டு கிராமம்’ என்னும் பெயர் நின்றது. போவிசில் வாள் உள்ளது. பிடியின் வேலைப்பாடு உள்ளது. அதனை ஏந்திய மறவன் அதற்கு இட்டு வழங்கிய பெயர் இல்லை. பொருளின்றிப் பெயர் நிற்கும் ஊரில் ஊரார் வரலாற்றை மீண்டும் கூறமுடிகின்றது. பெயரின்றிப் பொருள் நிற்கும் இடத்தில் அலகின் நீளத்தையும் பொன்னின் வேலைப்பாட்டையும் அன்றி வேறு எதனையும் கூற முடிவதில்லை.

தஞ்சைப் படைக்கொட்டிலின் சிதைவு

தஞ்சை மன்னர் இரண்டாம் சிவாசி 1855இல் ஆண்மகவின்றி இறந்தார். கும்பினி அரசைக் கைக்கொண்டது. அரண்மனைப் பொருள்களையும் முத்திரையிட்டது. மன்னரின் தேவியர் தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. நாட்டைக் கைக்கொண்ட செயல் அரசின் செயலாதலின் நீதிமன்றம் அதில் தலையிடாது என 1859இல் தீர்ப்பாயிற்று. படைக்கலங்கள் 1860களில் சென்னைக்குச் சென்றன. அவற்றுட் சிறந்தனவெனக் கருதப்பட்ட சில 1851இல் நிறுவப்பெற்ற அரசு அருங்காட்சியகத்திற்கு எடுக்கப்பட்டன; எஞ்சியவற்றுட் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பு விலைக்கு விற்கப்பட்டது. வேறு சில வணிகர் வழியாகவும் அதிகாரிகள் வழியாகவும் அயல்நாட்டுத் திரட்டுகளை அடைந்தன. அமெரிக்கராகிய சியார்ச்சு கேமரன் சுடோன் 1935இல் நியூயார்க்கு மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திற்கு விட்டுச்சென்ற பெருந்திரட்டில் தென்னாட்டுக் கட்டாரிகளும் உள.

இந்தச் சுடோன் 1934இல் எல்லா நாட்டுப் படைக்கலப் பெயர்களையும் அகரவரிசைப்படுத்தி ஓர் அகராதி வெளியிட்டார். பெயரே திறவுகோல் என்பதை உணர்ந்த ஒரு திரட்டாளர் அவர் என்பதற்கு அந்நூலின் அமைப்பே சான்று. ஆயினும் திரட்டாளர்க்குக் கிட்டும் பெயர், விற்றவன் வாயிற் கேட்ட பெயரேயாகும். வட இந்தியச் சந்தை வழக்கும் பாரசீக வழக்கும் நம் படைகளின் மேல் ஏறின. ‘கட்டாரி’ தமிழில் வழங்கும் சொல்லாயினும் நூல்களில் ‘கட்டார்’ என்பதே நிலைத்தது. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி படைக்கலப் பெயர்கள் பலவற்றைத் தந்துள்ளது. ஆனால் அகராதியில் உள்ள சொல்லும் பேழையில் உள்ள பொருளும் ஒன்றையொன்று காணாமலே இருக்கின்றன. எப்பெயர் எவ்வடிவிற்கு உரியது என இரண்டனையும் அருகருகே வைத்து ஒப்பிடும் வேலை இன்னும் பெரிதும் எஞ்சியுள்ளது.

பெயரும் வழக்கமும் கிடைத்தவிடத்துப் பொருள் எவ்வாறு விளக்கம் பெறும் என்பதற்கு வளரி தக்க சான்று. தஞ்சைக் கொட்டிலிலிருந்து சென்னை அருங்காட்சியகத்திற்கு வந்த வளைதடிகள் மூன்று எனவும், அவற்றுள் இரண்டு தந்தத்தாலும் ஒன்று மரத்தாலும் ஆனவை எனவும் எட்கர் தர்சுடன் 1909இல் வெளிவந்த தம் குலங்களைப் பற்றிய நூலிற் குறித்துள்ளார். மரவளரி வேட்டைக்கும் போருக்கும் உரியது. தந்தவளரியை அவ்வாறு எறிந்து முறிப்பார் இலர். அது அணிபடைக்கலம் எனக் கோடலே பொருந்தும். எதற்கு அணி? இவ்வினாவிற்கு விடைதேட உதவும் குறிப்பும் அதே நூலில் உள்ளது. கள்ளர் குலத்தாரிடையே மணமகன் வீட்டாரும் மணமகள் வீட்டாரும் வளரியை மாற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது எனவும், வளரியை அனுப்பிப் பெண்ணைக் கொள்ளுதல் என்னும் கருத்துடைய வழக்குமொழி ஒன்று அவரிடையே வழங்கிற்று எனவும் அவர் எழுதுகின்றார். இக்குறிப்பு இல்லையாயின் வளரி ஓர் எறிதடி மட்டுமே. குறிப்பு இருத்தலின் அது இரு குடிகளைப் பிணைக்கும் மங்கலப் பொருளாகின்றது.

செய்த கை

திரட்டாளர் பெயரை ஓரளவு தேடினர். செய்த கையைத் தேடியவர் மிகச் சிலர். தென்னாட்டு உருக்கின் புகழ் ஐரோப்பாவில் பரவியபோது, சியார்ச்சு பியர்சன் 1795இல் அரசக் கழகத்தில் அதனைப் பற்றி ஆய்வுரை வழங்கினார். பின்னர் மைக்கேல் பாரடேயும் அதன் இயல்பை ஆராய்ந்தார். சோசையா மார்சல் ஈத்து என்பார் 1830இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். அது 1860களில் நின்றுபோயிற்று. இவ்வாறு உலோகத்தின் கூறு எது என்னும் ஆராய்ச்சி இருநூறு ஆண்டுகளாக நடந்து வருகின்றது. மண்குகையில் இரும்பையும் கரியையும் இலையையும் இட்டு மூடி உலையேற்றிய கொல்லன் எந்நாளில் உலை மூட்டினான், எத்தெய்வத்தை வணங்கினான், துருத்தியின் உறுப்புகளுக்கு என்ன பெயர் வழங்கினான் என்பன அவ்வாராய்ச்சியில் இடம்பெற்றது அரிது. இவை தமிழ்ச் சொற்கள். தமிழாய்வாளரே கேட்டிருக்க வேண்டியவை.

நீராடும் படைக்கலம்

அணிபடைக்கலம் இன்றும் உயிரோடு வழங்கும் இடத்தைக் காணப் பேழைகளை விட்டுக் கோயிலுக்குச் செல்லவேண்டும். சிவன் கோயில்களில் அத்திரதேவர் என்னும் திருவுருவம் உண்டு. அது செம்பாலாகிய சூலம். அதன் நடுவே இறைவன் திருவுருவம் அமைவதும் உண்டு. கொடியேற்றத்தின்போதும் திருவிழாவின் முடிவில் தீர்த்தவாரியின்போதும் அத்திரதேவர் எழுந்தருள்வார். இறைவனுக்கு மாறாக அவருடைய படைக்கலமே நீரில் மூழ்கும். அரசனுக்கு மாறாக வாள் புறப்பட்ட பழைய நாட்கோளை இதனோடு ஒப்பிட்டு நோக்குக. திருமால் கோயில்களில் இவ்விடத்தைச் சக்கரத்தாழ்வார் பெறுகின்றார். தில்லையில் ஆடும் பெருமான் துடியும் தீயும் ஏந்தி நிற்க, சூலம் தனித் திருமேனியாகித் தனி வழிபாடு பெறுவதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மாசி மகத்தன்று கடலூரிலும் சுற்றிலும் உள்ள ஊர்த் தெய்வங்கள் தேவனாம்பட்டினக் கரையில் கூடுகின்றன. பீரங்கிக் குண்டால் நிலம் அளக்கப்பட்ட அதே கரை அது. கோட்டை இடிந்து இருநூற்றறுபது ஆண்டுகட்கு மேலாயின. அங்கே நீராட்டப்பெறும் சூலம் யாரையும் குத்துவதில்லை. ஆயினும் அதனைத் தொடுவதற்கு உரியவர் யார், தோளில் சுமப்பவர் யார், எந்த நாழிகையில் நீரில் இறங்கவேண்டும் என்பன யாவும் வரையறை உடையன. பெயர், கை, நாள் மூன்றும் ஆங்கே பிரியாமல் உள்ளன.

ஊர்ப்புறக் கோயில்கள் மற்றொரு வகையைக் காட்டுகின்றன. ஐயனார், வீரன், முனீசுவரன் கோயில்களில் நேர்த்திக்கடனாக நடப்பெற்ற அரிவாள்களும் சூலங்களும் வேல்களும் வரிசையாக நிற்பதைக் காணலாம். அவற்றுட் சில ஆள் உயரத்திற்கும் மேற்பட்டவை. ஒரு மனிதன் எடுத்து வீச முடியாத அளவில் அரிவாள் வடிப்பது அறியாமையால் அன்று. அது மனிதன் கைக்கு உரியதன்று என்பதைக் கொல்லன் அளவினாலேயே கூறிவிடுகின்றான். வாயிற் கூர் இல்லாமையும், பிடியிற் கட்டிய மஞ்சள் துணியும், குத்திய எலுமிச்சங்கனியும் அதனையே கூறுகின்றன. இப்படைகள் மழையிலும் வெயிலிலும் நின்று துருவேறுகின்றன. கோயில் புதுக்கப்படும்போது பழையவை களையப்படுவதுண்டு. வெட்டாத இரும்பு என்பதால் எடைக்கு விற்கப்படுவதும், பழமையுடையது என்பதால் அரும்பொருள் வணிகர் கைக்குச் செல்வதும் இரண்டும் இழப்பே. முன்னதில் பொருள் அழிகின்றது; பின்னதில் பொருள் எஞ்சிப் பெயர் அழிகின்றது.

செய்யத்தக்கன

நூறாண்டும் அதற்கு மேலும் பழமையுடைய கலைப்பொருள்களைத் தனியார் அயல்நாட்டிற்கு ஏற்றுமதி செய்தலை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கின்றது. அச்சட்டம் வாளைக் காக்கும். வாளின் பெயரைக் காக்க அதனால் இயலாது. நேற்று வடித்த நேர்த்திக்கடன் அரிவாளுக்கு அச்சட்டத்தில் இடமுமில்லை. ஆகலின் சொல்லையும் சடங்கையும் தொகுக்கும் பணி நம்மைச் சார்ந்தது.

கெடிலத்திற்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதி அண்ணாமலைநகரிலிருந்து ஒரு நாளில் சென்று மீளத்தக்கது. முதுகலை மாணவர் இப்பகுதியில் ஊர்தோறும் சென்று, கோயில்களிலும் இல்லங்களிலும் உள்ள அணிபடைக்கலங்களைப் பதிவு செய்யலாம். பதிவில் அளவும் நிழற்படமும் இடம்பெறுதல் வேண்டும் எனினும் அவை மட்டும் போதா. பின்வருவன கேட்டறியத்தக்கன: ஊரார் அதற்கு வழங்கும் பெயர், அலகு, பிடி, குமிழ், பூண் முதலிய உறுப்புகளின் பெயர், வடித்த கொல்லர் எவ்வூரார் என்பது, நட்டவர் என்ன வேண்டி நட்டார் என்பது, தொடுதற்கு உரியார், உரியரல்லார் யாவர் என்பது, எந்நாளில் எடுக்கப்பெறும், எதனால் நீராட்டப்பெறும் என்பது, பழுதுற்றால் புதைப்பரோ, நீரில் விடுவரோ, உருக்குவரோ என்பது. விடை கூறுவோர் சொல்லை அவர் ஒலித்தவாறே எழுதுதல் வேண்டும். இலக்கிய வழக்கிற்கு ஏற்பத் திருத்துதல் கூடாது. மக்கள் தம் வழிபாட்டுப் பொருளைக் காட்ட விரும்பாதவிடத்து வற்புறுத்தலும் கூடாது.

இவ்வாறு தொகுத்த சொற்களைச் சங்க நூல்களிலும் கல்வெட்டுகளிலும் அகராதியிலும் உள்ள சொற்களோடு ஒப்பிட்டால், பேழைகளுள் பெயரின்றிக் கிடக்கும் பொருள்கள் சிலவற்றிற்கேனும் பெயர் மீளும். ‘தென்னிந்தியா, பதினேழாம் நூற்றாண்டு’ என்னும் ஒற்றை வரிக் குறிப்பின் கீழ்த் தமிழ்ப் பெயர் ஒன்று சேருமாயின், அதனைக் காணும் அயல்நாட்டார்க்கும் அஃது இரும்பும் பொன்னும் மட்டும் அன்று என்பது விளங்கும்.

முடிவுரை

அணிபடைக்கலம் வெட்டுவதற்கு அன்றிப் பொருளுணர்த்துவதற்குச் செய்யப்பெற்றது. பொருளுணர்த்துவது சொல்லின் தொழிலாதலின் அப்படைக்கலமும் ஒருவகையில் சொல்லேயாகும். அதனைத் திரட்டியவர் அதன் உடலைக் காத்தனர். தஞ்சையில் உடைத்து விற்கப்பட்ட படைகளை இனி மீட்டல் இயலாது. போவிசிலும் நியூயார்க்கிலும் உள்ளவற்றை ஏந்திய கைகளையும் இனிக் காண இயலாது. ஆனால் ஊர்க்கோயில்களில் நிற்கும் அரிவாள்களை வடித்த கொல்லரும், நட்டவர் மக்களும், நீராட்டும் பூசகரும் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் முதியோர் மறையுமுன் அச்சொற்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுதல் காலத்தாற் செய்யவேண்டிய பணியாகும்.